மூக்கு நேராத்தான் இருக்குதுங்க

1997-ஆம் வருடம். ஆடிக் காற்று கோயமுத்தூரையே புரட்டி எடுத்துக்கொண்டிருந்த நேரம். காந்திபுரத்தில் இருந்து கணபதி போகும் டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்துகொண்டிருந்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கம்பியை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். சரியாக அந்த நொடி பார்த்து டிரைவர் பிரேக் அடித்தார். முன் சீட்டுக் கம்பியில் என் இடது கன்னம் போய் மடாரென்று மோதியது.

ரத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்கார வைத்து, யாரோ ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடிக்க வாயைத் திறந்தேன். ஒரு விரல் நுழைகிற அளவுக்குமேல் திறக்கவில்லை. அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கன்னம் போண்டா மாதிரி வீங்கிப் போய், நான்கு நாள் கழித்து வீக்கம் கொஞ்சம் இறங்கியது. வாய் மட்டும் அதே ஒரு விரல்தான். இட்லியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். டிப்ளமோ முடித்துவிட்டு, பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் மார்க்கிங் வேலை பார்த்தேன். பட்டறையில் வார்த்து வரும் இரும்புக் கூட்டின் மேல் சுண்ணாம்பைப் பூசி, எங்கே கடைய வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று கோடு கீறிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் லேத்துக்காரர் வேலை செய்வார். கோடு தப்பினால் மொத்தமும் காயலான் கடைக்குத்தான். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அதனால் வாய் கொஞ்சம் நீளம். வேறு வழியில்லை.

முக எலும்பு பார்க்கிற டாக்டரிடம் என் வீட்டுக்காரர் கூட்டிப் போனார். பெரிய டாக்டர், நல்ல பெயர் உள்ளவர். கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, முகத்து எலும்பு இரண்டு வாரத்தில் கூடிவிடும், நகர்ந்திருந்தால் அதற்குள் சரிசெய்ய வேண்டும், விட்டுவிட்டால் மறுபடியும் உடைத்துத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்றார். மண்டையை முப்பரிமாணத்தில் படம் காட்டும் ஸ்கேன் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. அதை எடுத்து வரச் சொன்னார். குகை மாதிரி இருந்த மெஷினுக்குள் தலையை விட்டு, அசையாமல் படுத்துக் கிடந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். என் மண்டை ஓட்டை நானே பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை, பல் எல்லாம் வெளியே. இதுதான் தினமும் பவுடர் பூசிக்கொண்டு போகிறதா என்று நினைத்தேன். அந்த மண்டையின் உச்சியில் இருந்து தாடை வரைக்கும் நேராக ஒரு கோடு இறங்கியது. முகத்தின் நடுக்கோடு. அதில் இருந்து வலது கன்ன எலும்பு எவ்வளவு தூரம், இடது கன்ன எலும்பு எவ்வளவு தூரம் என்று கீழே அளவு போட்டிருந்தது.

"பாருங்க, அறுபத்திரண்டு மில்லி, அறுபத்திரண்டு மில்லி. ரெண்டு கன்னமும் சமம். விரிசல் இருக்கு, ஆனா எலும்பு நகரல. தானாக் கூடிக்கும்" என்றார் டாக்டர். அப்புறம் பேனா முனையை மூக்கில் வைத்தார். "மூக்குதான் இடது பக்கம் மூணு மில்லி சாஞ்சிருக்கு. அதை நிமித்திரலாம். புதன்கிழமை வெச்சுக்கலாமா?"

"சரிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் "சரிங்க"வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதில் நிறைய ஏமாந்திருக்கிறார்கள். நாங்கள் சரிங்க என்றால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இப்போதைக்கு உங்கள் மனம் நோக வேண்டாம் என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்களிடமும் சரிங்க, இடம் வாங்கச் சொல்லும் புரோக்கரிடமும் சரிங்க. நிஜமான பதில் வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்துத்தான் வரும். டாக்டரோ மதராஸ் பக்கத்தில் இருந்து வந்தவர். அவர் பாட்டுக்கு டைரியில் புதன்கிழமை என்று எழுதி, படிவத்தை நீட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவைத் தேடுகிறார்!

"என்ற மூக்கா சாஞ்சிருக்குது?" என்றேன் நான்.

வாய் திறக்காததால் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடிந்தது. அதனால் கோபமாகப் பேசுகிறேன் என்று டாக்டர் நினைத்துவிட்டார். கோபமாகத்தான் பேசினேன், அது வேறு விஷயம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமியார் வாயில் இருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை, "பொண்ணு மூக்கும் முழியுமா இருக்குது" என்பதுதான். நிறத்தைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். கம்பியில் மோதியது கன்னம். மூக்கில் இருந்த மூக்குத்திகூட அசையவில்லை.

"மூக்குல அடியே படலீங்க டாக்டர். அது நேராத்தான் இருக்குதுங்க. எனக்கு வாய்தான் தொறக்க மாட்டீங்குது."

"வாய் தொறக்காதது வலியினால. பயத்தினாலயும் இருக்கும். படம் பொய் சொல்லாதும்மா" என்றார். ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, தினம் ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போனால் வாய் தானாகத் திறக்கும் என்றும் சொன்னார். படிவத்தை வீட்டில் பேசிவிட்டுக் கொண்டு வருகிறோம் என்று சொல்லி, படத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"டாக்டர்கிட்டப் போய் எதுத்துப் பேசறயே அம்மணி" என்றார் வீட்டுக்காரர், பஸ் ஸ்டாப்பில்.

"நீங்க சரிங்கன்னு சொல்லிப்போட்டு நிப்பீங்க. மூக்கு உங்களுதா போகுது?" என்றேன்.

அந்த ஐஸ் குச்சி விவகாரத்தை மனதாரச் செய்தேன், பொய் சொல்லக் கூடாது. முதல் நாளே எட்டுக் குச்சி வரைக்கும் போனது. ஒன்பதாவது குச்சி போகவில்லை. அன்று மட்டும் இல்லை, அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அதே எட்டுதான். வலியினால்தான் என்றால் நாளுக்கு நாள் கொஞ்சமாவது கூட வேண்டும் இல்லையா? வலியே பெரிதாக இல்லை. திறக்கத் திறக்க உள்ளே ஏதோ போய் டக்கென்று இடித்தது. இறுக்கமாக இருப்பது வேறு, இடிப்பது வேறு. மெஷின் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிபட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் தடவை மண்டை ஓட்டைப் பார்த்துப் பயந்ததில் அளவுகளைச் சரியாகப் படிக்கவே இல்லை. இப்போது படித்தேன். மூக்கு நடுக்கோட்டுக்கு இடது பக்கம் மூன்று மில்லி. மேல் பல்வரிசையின் நடு, இடது பக்கம் மூன்று மில்லி. தாடையின் நடு, அதுவும் இடது பக்கம் மூன்று மில்லி. மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பக்கம், ஒரே அளவு. தவிர, இடது பக்கம் இருந்து அடி விழுந்தால் மூக்கு வலது பக்கம்தானே போக வேண்டும்? அடித்த கம்பியைப் பார்த்துக்கொண்டு எதற்காகத் திரும்பி வரும்?

எனக்குச் சட்டென்று போன வருடம் நான் கெடுத்த ஒரு பம்புக் கூடு ஞாபகம் வந்தது. வார்க்கும்போது மண் அச்சு நகர்ந்து, அந்தக் கூட்டின் ஒரு பக்கம் உள்ளடங்கிப் போயிருந்தது. அதைக் கவனிக்காமல் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை அளந்து, பாதியில் கோடு கீறிவிட்டேன். இரண்டு பக்கமும் கனகச்சிதமாகச் சமம்! வார்ப்பிலேயே வந்த துளைகள் எல்லாம்தான் ஒரே பக்கம் தள்ளி இருந்தன. துளைகளை வார்த்தவன்மேல்தான் தப்பு என்று வார்ப்புக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். கடைசியில் தப்பு என் கோட்டில். ஒரு வாரம் முழுக்க, பார்க்கிறவர்கள் எல்லாம் "அம்மணி, சென்டர் எங்கீங்க?" என்று கேட்டுக் கேட்டு என் மானத்தை வாங்கினார்கள்.

மூக்கு நகரவில்லை, பல் நகரவில்லை, தாடை நகரவில்லை. கோடுதான் நகர்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, படத்தோடு ஸ்கேன் சென்டரில் போய் நின்றேன். வீட்டுக்காரரும் கூடவே வந்தார், ஆனால் நான்கு அடி தள்ளி. என்னை ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன் அங்கே இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கோட்டைமேட்டுக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். நடுக்கோடு தப்பாக இருக்கிறது, மறுபடி போட வேண்டும் என்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் முடியும் என்றார். கோடு எப்படிப் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். உள்ளே நோயாளி காத்திருக்கிறார், அப்புறம் வாருங்கள் என்றார்.

"சரிங்க, நான் உக்காந்திருக்கறேனுங்க" என்றேன். இந்த ஒரு சரிங்க மட்டும் நிஜம். மூன்று மணி நேரம் அந்த பெஞ்சை விட்டு எழவில்லை. போகும்போதும் வரும்போதும் பாய் என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன்.

கடைசியில் அவரே வந்தார். "தங்கச்சி, நடுவை நான் எங்க போட்டேன்? மெஷினே எடுத்துக்குதும்மா."

"மெஷினுக்கு எப்படீங்க பாய் தெரியும்?"

"வலது கன்னத்துல வெளி ஓரம் ஒரு புள்ளி, இடது கன்னத்துல வெளி ஓரம் ஒரு புள்ளி வெச்சுக் குடுப்பேன். சரிபாதியில அது கோடு இழுத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை, மூக்கு வழியாகச் சிரித்தேன். அங்கே மேஜையில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சரிபாதியாக மடித்துப் பிரித்தேன். மடிப்பின் மேலேயே பேனாவால் ஒரு மூக்கு வரைந்தேன். அப்புறம் தாளின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துப் போட்டேன்.

"இப்ப மறுபடியும் ஓரத்தோட ஓரம் சேத்தி மடிங்க."

மடித்தார். பிரித்தார்.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்குதுங்களா?"

"சமமாத்தாம்மா இருக்கு."

"கிழிச்சது தெரியுதுங்களா?"

புது மடிப்பு ஒரு பக்கம் இருந்தது. நான் வரைந்த மூக்கு அதைவிட்டு இடது பக்கம் தள்ளி நின்றது.

"மூக்குத்தான் கோணலாத் தெரியுது பாருங்க. மூக்கு என்னுங்க பாவம் பண்ணுச்சு? ஒடைஞ்ச எடத்துல புள்ளிய வெச்சு நடுவை எடுத்தா, ரெண்டு பக்கமும் சமமாத்தான் வரும். கன்னம் காதுக்குள்ள போயிருந்தாலும் சமம்னுதான் சொல்லும். அடிபடாத எடத்துல இருந்து எடுங்க பாய்."

அவர் அந்தத் தாளை இன்னொரு தரம் மடித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க" என்றார். நோயாளிகளை அந்த அறைக்குள் விடுவதில்லை என்று கதவில் பெரிதாக எழுதியிருந்தது.

கம்ப்யூட்டரில் என் மண்டை ஓடு மெதுவாகத் திரும்பியது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், ஒரு பக்கம் திரும்புவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எங்கே புள்ளி வைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். கன்னம் வேண்டாம். காது துவாரம் இரண்டும் அடிபடவில்லை, அவற்றுக்கு நடு ஒன்று. மண்டைக்கு அடியில் முதுகுத் தண்டு நுழைகிற பெரிய ஓட்டையின் நடு இன்னொன்று, அங்கே எந்தக் கம்பியும் போய் மோத முடியாது. புருவங்களுக்கு நடுவில், மூக்கு தொடங்குகிற இடம் மூன்றாவது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு கண்ணாடிப் பலகையை இறக்கின மாதிரி மண்டையை இரண்டாகப் பிரித்தார் பாய். அப்புறம் நல்ல வலது பாதியைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, இடது பாதியின் மேல் வைத்தார்.

வலது கன்னம் அறுபத்தைந்து. இடது கன்னம் ஐம்பத்தொன்பது. ஆறு மில்லி உள்ளே போயிருந்தது. தாடை மேலும் கீழும் போகிற வழியில் அந்த எலும்பு குறுக்கே நின்றது. வீக்கம் இருந்ததால் பள்ளம் வெளியே தெரியவில்லை. மூக்கும் பல்லும் தாடையும் கோட்டின் மேலேயே வரிசையாக இருந்தன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தினால் இல்லை. பத்து நாளாக என் வாய் திறக்கவில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, இப்போது என் எலும்பே சொல்லிவிட்டது என்கிற ஆத்திரத்தில் வந்த அழுகை.

பாய் புதுப் படத்தை அச்செடுத்தார். உறையின் மேல், முதல் படத்தில் நடுக்கோடு தவறாக எடுக்கப்பட்டது, இதையே பார்க்கவும் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். "உங்களுக்கு எதாச்சும் தொந்தரவு வருமுங்களா பாய்?" என்று கேட்டேன். "வந்தா வரட்டும் தங்கச்சி. தப்பு என்னுதுதானே. நான் மறைச்சா உங்க வாய் எப்படித் தொறக்கும்?" என்றார். மெஷின்மேல் பழி போட்டுவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். இரண்டு படங்களையும் வைத்தேன். எடுத்த எடுப்பிலேயே டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களே போய் அளந்துட்டு வந்தீங்களா? நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"நீங்கதானுங்க டாக்டர். ஆனா மூஞ்சி என்னுதுங்க" என்றேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கல்யாணமான நாளில் இருந்து யாரிடமும் ஒரு சுடுசொல் பேசாத மனிதர் அவர். "ஏனுங்க டாக்டர், கொஞ்சம் பாத்துப்போட்டுச் சொல்லீருங்க. மூக்கு ஆபரேசனுக்கு நாங்க ஒத்துக்கறதா இல்லீங்க" என்று சொல்லி, கையெழுத்துப் போடாத படிவத்தை மேஜையில் வைத்தார்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஸ்கேலை எடுத்துத் தானே ஒரு தரம் அளந்தார். பிறகு பாய் உறைமேல் எழுதியிருந்ததைப் படித்தார். என் பக்கத்தில் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே விரலை விட்டுக் கன்னத்து எலும்புக்கு அடியில் தடவினார். "இடிக்குதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

"இடிக்குதுங்க."

மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வந்துருங்க. இனிமேத் தள்ளக் கூடாது" என்றார். அவ்வளவுதான். எனக்கும் அது போதுமாக இருந்தது.

காதுக்கு மேலே முடிக்குள் சின்னதாக ஒரு வெட்டு. அது வழியாக ஒரு கம்பியை விட்டு எலும்பை நெம்பித் தூக்கினார்களாம். எனக்கு எதுவும் தெரியாது. மயக்கம் தெளிந்து கொஞ்ச நேரத்தில் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, மூன்று விரலை ஒன்று சேர்த்து நீட்டி, "இதைக் கடிங்க பாக்கலாம்" என்றார். பதினோரு நாளாக ஒரு விரலுக்குமேல் போகாத வாய். திறந்தேன். எதுவும் இடிக்கவில்லை. மூன்று விரலும் உள்ளே போயின. சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் அழுத்தியே கடித்தேன். டாக்டர் "ஸ்ஸ்" என்று கையை உதறிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தரம்தான். தையல் பிரிக்கப் போன அன்று, முகத்து எலும்பு உடைந்து யார் வந்தாலும் கோடு எங்கே இருந்து எடுத்தது என்று எழுதாமல் படம் அனுப்பக் கூடாது என்று ஸ்கேன் சென்டருக்குச் சொல்லிவிட்டதாக அவரே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் கேஸ் பேப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இதைச் சொன்னால் சிலர், அதிர்ஷ்டம், எதேச்சையாகக் கண்டுபிடித்துவிட்டாய் என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எட்டுக் குச்சிக்குமேல் போகவில்லை என்று என் வாய் மூன்று நாளாகச் சொன்னது அதிர்ஷ்டமா? அந்தப் படமும் பொய் சொல்லவில்லை, டாக்டர் சொன்னது உண்மைதான். எங்கே இருந்து அளக்கச் சொன்னோமோ அங்கே இருந்து ஒழுங்காக அளந்து காட்டியது. அது பெரிய மெஷின், அவர் பெரிய டாக்டர், நான் கன்னம் வீங்கின ஒரு பொம்பளை என்று பயந்து அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், நேரான மூக்கை வெட்டிக்கொண்டு, திறக்காத வாயோடு, எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ காகிதங்களை நீட்டி, இதுதான் உன் அளவு, இதுதான் உன் கோணல் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோட்டை எங்கே இருந்து இழுத்தீர்கள் என்று கேட்காமல் ஒருவருக்கும் நான் தலையாட்டியதில்லை, இனி ஆட்டப்போவதும் இல்லை.